தக்கையைப் பார்த்தவர்: ஓர் ஓவியமும் ஒரு குறுந்தொகைப் பாட்டும் ஓரங்க நாடகமான கதை

பதினொரு மாணவர்கள். ஆறு வாரம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். முடிவில் சுமார் 20 நிமிட ஓரங்க நாடகம் ஒன்று மேடையேற வேண்டும். அது ஓர் ஓவியத்திலிருந்தும் ஓர் இலக்கியத்திலிருந்தும் பிறந்ததாக இருக்க வேண்டும், மாணவர்களே எழுதியதாகவும் இருக்க வேண்டும். நான் கூட இருந்து வழி காட்டினேன். அன்றன்று என்ன செய்தோம், எது உடைந்தது, எதை வைத்துச் சரி செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் இரண்டு நாள் வீணாகப் போயின. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஓவியம் ஒன்றைக் கொண்டுவரட்டும் என்று சொல்லியிருந்தேன். பதினொரு ஓவியம் வந்தது, கூடவே பதினொரு நாடகமும் வந்தது. எதை எடுப்பது என்று கை தூக்கச் சொன்னதும் தோற்ற படத்துக்காரர்களுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் நானே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். குழுவாக எழுதுவதென்றால் எல்லாருக்கும் ஒரே அளவு புதிதாக இருக்கிற படம் நல்லது. யாருக்கும் அதன்மேல் முன்னுரிமை இருக்காது.

நான் கொண்டுபோனது பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகெலின் பெயரில் வழங்கும் 'இக்காரஸ் விழும் நிலக்காட்சி'. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரூகெலே வரைந்ததா, அவர் வரைந்ததைப் பார்த்து வேறொருவர் அக்காலத்திலேயே எடுத்த நகலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் வேலைக்கு அது தடையாக இல்லை. 73.5 சென்டிமீட்டர் உயரம், 112 சென்டிமீட்டர் அகலம். தலைப்பை மறைத்துவிட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள், பார்த்ததைப் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் மட்டும் எழுதுங்கள், 'அழகான', 'சோகமான' எதுவும் வேண்டாம் என்றேன்.

எல்லார் தாளிலும் முதல் சொல் 'உழவர்'. படத்தின் முன்பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு அவர் உழுதுகொண்டிருக்கிறார், கண் அங்கேதான் போகும். அப்புறம் குதிரை, ஆடுகள், கோலில் சாய்ந்து வானத்தைப் பார்க்கிற மேய்ப்பர், பாய்மரக் கப்பல், தூண்டில் போடுகிறவர். ஐந்து நிமிடம் முடிந்தபோது பதினொரு பேரில் இரண்டே பேர் 'கால்' என்று எழுதியிருந்தார்கள். வலது கீழ்மூலைப் பக்கம், கப்பலுக்கும் தூண்டில்காரருக்கும் நடுவில், தண்ணீருக்கு வெளியே உதைத்துக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் கால்கள். அதுதான் இக்காரஸ். தந்தை செய்துகொடுத்த மெழுகுச் சிறகோடு சூரியனுக்கு அருகே பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த பையன்.

மற்ற ஒன்பது பேர் எழுந்துபோய்ப் படத்தின் அருகே நின்று பார்த்தார்கள். வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு மாணவி, "நானும் அந்த உழவர் மாதிரிதானே இருந்திருக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நாடகம் உண்மையில் அந்த நிமிடம் தொடங்கியது. தலைப்பை முன்பே காட்டியிருந்தால் எல்லாரும் முதல் நொடியிலேயே காலைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள், இந்த உறுத்தல் கிடைத்திருக்காது. இந்தப் பயிற்சியைச் செய்கிறவர்கள் தலைப்பை மட்டும் எப்பாடுபட்டாவது மறைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கதையைச் சொன்னேன். ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியதில் தூண்டில்காரர், மேய்ப்பர், உழவர் மூவரும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பறக்கிறவர்களை அண்ணாந்து பார்த்து, இவர்கள் கடவுளர்களோ என்று மலைத்து நிற்கிறார்கள். ஓவியர் அதே மூவரையும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்காதவர்களாக்கிவிட்டார். கதாபாத்திரங்களை மாற்றவில்லை, அவர்கள் பார்வையின் திசையை மட்டும் மாற்றினார். மூலத்தை எடுத்து இன்னொன்று செய்வது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

ஒரு மாணவன் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். படத்தில் சூரியன் கடலின் விளிம்பில் இருக்கிறது. உச்சியில் அல்லவா இருக்க வேண்டும்? "மெழுகை உருக்கிய சூரியன் அடிவானத்துக்கு வரும்வரை இவன் விழுந்துகொண்டே இருந்தானா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நாடகம் பொழுது சாயும் நேரத்தில் நடக்கும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இலக்கியப் பகுதிக்குக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டை வைத்தேன். கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவனும் தலைவியும் யாரும் அறியாமல் கூடியிருக்கிறார்கள். அவன் மணம் பேச வராமல் நாளைக் கடத்துகிறான். அவள் தோழியிடம் சொல்கிறாள்: அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் அங்கே உண்டு, அவன் என்னை மணந்த அன்று.

இரண்டையும் ஏன் சேர்த்தேன் என்று நான் சொல்லவில்லை. பாட்டைச் சத்தமாக மூன்று முறை வாசிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். மூன்றாவது முறை வாசித்து முடித்ததும் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த தூண்டில்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மீனைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. பக்கத்தில் ஓர் உயிரின் வாழ்க்கையே கவிழ்கிறது, சாட்சியின் கண் தண்ணீரில் இருக்கிறது.

சங்க அகப்பாட்டு நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய கொடை. ஒவ்வொரு பாட்டும் ஒருவர் இன்னொருவரிடம் ஒரு நெருக்கடியில் பேசுவது. பாட்டின் அடியில் இருக்கும் துறைக் குறிப்பு மேடைக் குறிப்பேதான். இந்தப் பாட்டுக்கு, மணம் முடிப்பது தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது என்று இருக்கும். யார், யாரிடம், எப்போது என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டன. பாடப்புத்தகத்தில் இதைப் பொருள் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. எழுந்து நின்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால்தான் 'குருகும் உண்டு' என்பதில் உள்ள நடுக்கம் தெரியும். யாருமே இல்லை என்று தொடங்கியவள், தேடித்தேடிக் கடைசியில் ஒரு பறவையைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

இரண்டாம் வாரம் காட்சியமைப்பு. இதற்கும் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்ற பகுப்பையே எடுத்துக்கொண்டோம். கரும்பலகையில் மூன்று கட்டம். முதற்பொருளில் இடமும் நேரமும்: கடற்கரை, பொழுது சாய்வது. ஓரங்கத்துக்கு இடம் மாறக்கூடாது, நேரமும் தாவக்கூடாது என்பதை நான் விதியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தக் கட்டத்தில் ஒன்றுதான் எழுத இடம் இருந்தது. கருப்பொருளில் மேடையில் இருக்கும் பொருள்கள்: தூண்டில், தக்கை, கூடை, ஒரு பாறை. உரிப்பொருள், அதாவது நாடகத்தின் அடியில் ஓடும் உணர்வு. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். அது நான்காம் வாரம்தான் நிரம்பியது.

முதல் பிரதி இரண்டாம் வாரக் கடைசியில் வந்தது. 14 பக்கம். வட்டமாக உட்கார்ந்து சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன், 31 நிமிடம். கதை இதுதான்: ஒரு சிறுவன் கடலில் விழுந்து இறந்துவிட்டான். ஓர் அதிகாரி விசாரிக்கிறார். உழவர், மேய்ப்பர், மீனவர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து சாட்சி சொல்கிறார்கள். நடுநடுவே ஒரு கட்டியங்காரன் ஓவியத்தை விளக்குகிறான். கடைசியில் குருகு வேடத்தில் ஒருவர் வந்து மனிதர்களைக் கண்டித்துப் பேசுகிறார். அதில் இப்படி ஓர் இடம்:

அதிகாரி: அன்று நீர் கண்டது என்ன?
மீனவர்: நான் மீனை மட்டுமே கண்டேன். பிறர் துயரை மனிதர் காண்பதில்லை என்பதே உலகின் இயல்பு.

மாணவர்களுக்கு இந்த இரண்டாம் வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. அதை வெட்ட ஒரு வாரம் ஆனது. வெட்டு என்று நான் சொல்லவில்லை. பென்சிலை எடுங்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் 'இதைச் சொல்கிறவருக்கு எதிரில் இருப்பவரிடமிருந்து இப்போது என்ன வேண்டும்?' என்று எழுதுங்கள் என்றேன். மீனவரின் அந்த வாக்கியத்துக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை. அவருக்கு அதிகாரியிடம் எதுவும் வேண்டியதில்லை, அந்த வாக்கியம் பார்வையாளரைப் பார்த்துப் பேசியது. அப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் பக்கம் பக்கமாக விளிம்பு வெறுமையாகக் கிடந்தது. கட்டியங்காரனுக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இந்தப் பென்சில் சோதனையைத்தான் இந்த ஆறு வாரத்தில் நான் மிகவும் நம்பினேன். வசனம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வாதாடினால் எழுதியவர் மனம் புண்படும். என்ன வேண்டும் என்று கேட்டால் விடை தாளிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு குறையும் இருந்தது. எல்லாமே நடந்து முடிந்துவிட்டது. சிறுவன் இறந்துவிட்டான், மூவரும் பார்க்கவில்லை, அதை வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். மேடையில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. ஓவியம் அப்படியே உறைந்து நிற்கலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. நாடகம் தொடங்கும்போது இருந்த ஒருவர் முடியும்போது அப்படியே இருந்தால், அரங்கில் உட்கார்ந்திருப்பவர் எதற்காகக் காத்திருந்தார்?

மூன்றாம் வாரம் முழுக்க எழுதவில்லை, கேள்விதான் கேட்டோம். இந்தக் கடற்கரையில் இன்று, இந்த நேரத்தில், யாருக்கு யாரிடம் என்ன வேண்டும்? விடை பாட்டிலிருந்து வந்தது. பாட்டின் தலைவி அந்தக் குருகைத் தேடிப் போனால்? குருகு பேசாது. தூண்டில்காரர் பேசுவார். நாளை ஊர்க்கூட்டம். கைவிட்டவன் அங்கே வந்து இவளைத் தெரியவே தெரியாது என்று சொல்லப்போகிறான். அன்று கரையில் இருந்த மூன்றாவது ஆள் மீனவர் மட்டும்தான். "நீங்கள் பார்த்ததாகச் சொல்லுங்கள்" என்று கேட்க அவள் வருகிறாள்.

உழவர் போனார், மேய்ப்பர் போனார், அதிகாரி போனார். மேடையில் இரண்டே பேர். கைவிட்டவனை மேடைக்கே கொண்டுவருவதில்லை என்றும் முடிவு செய்தோம். அவனை வரவழைத்தால் சண்டை அவனோடு போய்விடும். எங்களுக்கு மீனவரோடு வேலை இருந்தது.

இரண்டாம் பிரதி 9 பக்கம், வாசிக்க 17 நிமிடம். அது வேறு விதமாகக் கெட்டுப்போயிருந்தது. அவள் வருகிறாள், அழுகிறாள், அவர் மனம் இளகுகிறார், சரி என்று ஒப்புக்கொள்கிறார். இளகுவது நான்காம் பக்கத்திலேயே நடந்துவிட்டது. மீதி ஐந்து பக்கமும் நன்றி சொல்வதுதான். அவர் ஏன் மறுக்க வேண்டும் என்பது எங்களிடம் இல்லை. மறுப்புக்குக் காரணம் சேர்த்துப் பார்த்தோம். அவருக்கு வம்பு வேண்டாம், கைவிட்டவனின் வீட்டார் செல்வாக்கு உள்ளவர்கள், அவருக்கு வயதாகிவிட்டது. எல்லாம் நம்பும்படி இருந்தன, எதுவும் வலிக்கவில்லை.

அப்போதுதான் அதுவரை அதிகம் பேசாமல் பிரதித் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பையன் எங்கே போனான்?"

எந்தப் பையன் என்று எல்லாரும் பார்த்தோம். ஓவியத்தில் விழுந்த பையன். மூன்று வாரத்தில் அவனை நாங்கள் வழியில் எங்கோ விட்டுவிட்டோம்.

அவள் தொடர்ந்து சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். "நேற்று அந்தப் பையன் இவர் பக்கத்தில்தான் விழுந்தான். ஊர் கேட்டபோது, தக்கையைத் தவிர நான் எதையும் பார்க்க மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, இன்றைக்குப் போய் இந்தப் பெண்ணைப் பார்த்தேன் என்று சொன்னால், இவளைப் பார்த்த கண் அவனை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்களே?"

சில நொடி யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அவளுக்கு உதவுவது என்றால் அவர் தன்னைக் காத்துக்கொண்டிருக்கும் ஒரே சொல்லைக் கைவிட வேண்டும். ஓவியமும் பாட்டும் அதுவரை பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன, அன்றைக்குத்தான் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. உரிப்பொருள் கட்டத்தில் எழுதினோம்: 'பார்த்தேன் என்று சொல்ல முடியாமை'.

பையனுக்குச் சிறகு வைப்பதா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. வேண்டாம், பட்டம் விட்டுக்கொண்டே பாறை விளிம்புக்குப் போனவன் என்று ஆக்கினோம். பறக்கிற ஆசை அதிலும் இருக்கிறது, விளக்கமும் தேவையில்லை. பட்டம் வந்ததும் கூடவே பட்ட நூல் வந்தது, எங்களுக்கு இருப்பதிலேயே பெரிய உதவியைச் செய்தது அந்த நூல்தான். மேடையில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றும் ஒரு முறையாவது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கூடையில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கண்டு சிவப்பு நூல் இருக்கட்டும் என்று ஒருவன் சொன்னான்.

மூன்றாம் பிரதியில் அந்த இடம் இப்படி வந்தது:

பெண்: இது பட்ட நூல்.
அவர்: தண்ணியில கிடந்துச்சு.
பெண்: நேத்தா?
அவர்: முள்ளுல வந்து மாட்டுச்சு. எடுத்துச் சுத்தி வச்சேன்.
பெண்: மாட்டினப்போ தக்கை அமுங்கியிருக்குமே, ஐயா.
(அவர் பதில் சொல்லவில்லை.)

தக்கையைத் தவிர எதையும் பார்க்காதவர். அந்தத் தக்கையே அவருக்குச் சொல்லியிருக்கிறது. நான் இதை முதலில் வாசித்தபோது என் குரல் நின்றுவிட்டது. இது மாணவர்கள் எழுதியது என்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அவர் உண்மையில் பையன் விழுந்ததைப் பார்த்தாரா இல்லையா? இதில் குழு இரண்டாகப் பிரிந்தது. எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றது ஒரு பக்கம், தெரியாமல் இருந்தால்தான் நாடகம் என்றது இன்னொரு பக்கம். நடிக்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும், ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று விட்டோம். மீனவராக நடித்த மாணவன் முடிவு செய்துகொண்டான். இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

வசன மொழி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் நாடகம் எழுதும் மாணவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பாட்டின் பாதிப்பில் முதல் பிரதி முழுக்கச் 'சொல்லுமின்', 'கண்டீர்' என்று போயிற்று. வாயில் வைத்துப் பார்த்தால் ஒருவராலும் இயல்பாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் பேச்சு நடைக்கு வந்தோம். எந்த வட்டாரத்தின் பேச்சு என்ற கேள்வி வந்தது. பதினொரு பேருக்கும் பொதுவாக வாயில் வருவது எதுவோ அதை எடுத்துக்கொண்டோம். தாளில் 'பார்த்தீர்களா' என்று எழுதி மேடையில் 'பாத்தீங்களா' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சிலர் நினைத்தார்கள். அது சரிவரவில்லை, பதற்றத்தில் தாளில் உள்ளதுதான் வாயில் வருகிறது. சொல்கிறபடியே எழுதுவது என்று முடிவானது. மேடைக் குறிப்புகள் மட்டும் எழுத்து நடையில் இருந்தன.

பேனா ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்பதையும் மூன்றாம் பிரதியில்தான் கற்றோம். முதல் இரண்டிலும் ஆளுக்கு இரண்டு பக்கம் பிரித்து எழுதி ஒட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர் வேறு ஆளாகப் பேசினார். மூன்றாவதில் இருவர் எழுந்து நடித்துப் பேசினார்கள், ஒருவர் எழுதினார், மற்றவர்கள் "இல்லை, அவர் இவ்வளவு பேச மாட்டார்" என்று தடுத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் குறைவுதான். ஆனால் திருத்த வேண்டியது பாதியாகிவிட்டது.

ஐந்தாம் வாரம் ஒத்திகை. குருகை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி இன்னும் இருந்தது. ஒரு மாணவன் மேடை ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்றான். உண்மையான முயற்சிதான். ஆனால் நான்காம் நிமிடத்தில் கால் நடுங்கத் தொடங்கியது, எல்லார் கண்ணும் அந்தக் காலிலேயே இருந்தது. குருகை எடுத்துவிட்டோம். மீனவர் ஒரு காலை மடித்து, மற்றதைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி அசையாமல் உட்கார்ந்தார். பாட்டைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரிய முடிவு கடலை எங்கே வைப்பது என்பது. முதலில் மேடையின் ஒரு பக்கமாக வைத்தோம். இருவரும் பக்கவாட்டில் நின்று பேசினார்கள், முகமே தெரியவில்லை. பார்வையாளர் உட்காரும் இடத்தையே கடலாக்கினோம். மீனவர் மேடை விளிம்பில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தபடி தூண்டில் போடுகிறார். அவள் அவருக்குப் பின்னால் நிற்கிறாள். கடைசி நொடிவரை அவர் திரும்பி அவளைப் பார்ப்பதே இல்லை. இந்த ஏற்பாடு வந்ததும் நாடகத்தின் முடிவும் தானாக வந்துவிட்டது. அவர் சாட்சி சொல்வாரா மாட்டாரா என்று நாங்கள் எழுதவே வேண்டியதில்லை. அவள் நூல்கண்டை அவர் கையில் வைத்துவிட்டு நடக்கிறாள். அவர் தூண்டிலைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார். திரும்பி அவளைப் பார்க்கிறார். விளக்கு அணைகிறது.

கடல் இடம் மாறியதில் ஒரு வரி உடைந்தது. அவள் முதலில் நெருங்கி வரும்போது, "நிழல் தண்ணியில விழுது, தள்ளி நில்லு" என்று அவர் சொல்வதாக இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்ட மாணவன்தான் பிடித்தான். சூரியன் கடல் பக்கம் சாய்கிறது என்றால் நிழல் அவளுக்குப் பின்னால் கரையில் அல்லவா விழும்? அவன் சொன்னது சரி. மாற்றி எழுதினோம்:

பெண்: ஐயா, அன்னிக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க?
அவர்: காலை மெதுவா வை. தரை அதிர்ந்தா மீன் ஒதுங்கிரும்.
பெண்: நாங்க ரெண்டு பேரும் அந்தப் பாறைகிட்ட நின்னோம்.
அவர்: தினமும் யாராவது நிக்கிறாங்க.

மாற்றிய வரி பழையதைவிட நன்றாக அமைந்தது. திரும்பிப் பார்க்காமலே அவள் காலடியை அவர் அறிகிறார். அதிர்வை அறிகிற ஆள் என்று இங்கே விதைத்தது நூல் வரும் இடத்தில் முளைக்கிறது.

விளக்கு எளிமையாகவே இருந்தது. அரங்கின் முன்பக்கத்தில் ஒரே விளக்கு, நான்கு படிகளில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மங்கலாக. வசனத்தை வைத்து மாற்றாமல் நிமிடத்தை வைத்து மாற்றினோம். சூரியன் இவர்கள் பேச்சுக்காகக் காத்திருக்காது என்று விளக்கு மாணவன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

நேரக் கணக்கில் ஒரு பாடம் கிடைத்தது. மூன்றாம் பிரதி உட்கார்ந்து வாசிக்க 15 நிமிடம், மேடையில் 20 நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் மௌனம்: இரை மாற்றுவது, நூலைப் பார்ப்பது, பதில் சொல்லாமல் இருப்பது. அதனால் 20 நிமிட நாடகத்துக்கு 20 நிமிடம் வாசிக்கும் அளவு எழுதக்கூடாது. எங்கள் கணக்கில் நான்கில் மூன்று பங்கு போதும்.

மேடையேற்றியது இரண்டு முறை. முதல் முறை தூண்டில் கோலின் நரம்பு பாதியில் அறுந்து தக்கை முன்வரிசையில் போய் விழுந்தது. மீனவராக நடித்தவன் அறுந்த முனையையே பார்த்துக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தான். முன்வரிசையில் இருந்த ஒருவர் தக்கையை எடுத்து அவனிடம் நீட்டினார், அவன் வாங்கவில்லை. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மீதி நாடகத்தைப் பார்த்தார். இரண்டாவது முறைக்கு நரம்பை இரட்டையாக முறுக்கிக் கட்டினோம்.

கடைசித் திரும்பலுக்கு முன் நான்கு நொடி நிற்க வேண்டும் என்று பிரதியில் எழுதியிருந்தோம். முதல் முறை மீனவராக நடித்தவன் அப்படியே செய்தான். இரண்டாவது முறை நான் மனத்துக்குள் எண்ணினேன், ஒன்பது வந்தது. விளக்கு மாணவன் கையை விசையில் வைத்தபடி காத்திருந்தான். முடிந்தபின் ஏன் இவ்வளவு நேரம் என்று நடித்தவனிடம் கேட்டேன். நூல்கண்டு இன்று ஈரமாக இருந்தது என்றான். பொருள்களைக் கவனித்த மாணவி யாரிடமும் சொல்லாமல் அதைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தாள்.

மறுநாள் பிரதியை எடுத்து 'நான்கு நொடி' என்பதை அடித்துவிட்டு, பொருள் பட்டியலில் 'நூல்கண்டு, நனைத்தது' என்று சேர்த்தோம்.